பரம்பரை இல்லையென்று வென்ற அரசி

ஓர் ஆண்டினை முதலில் மனத்திலே குறித்துக் கொள்ளுங்கள், தோழர்களே! 1772.

அந்த ஆண்டின் இளவேனிலிலே, இலண்டன் மாநகரத்துப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. அரச குடும்பத் திருமணச் சட்டம் என்பது அதன் பெயர். மன்னன் மூன்றாம் ஜார்ஜின் தம்பி, கம்பர்லாண்டுக் கோமகன், அதற்கு முந்தைய ஆண்டு அரச குலத்திலே பிறவாத ஒரு விதவையை அண்ணனைக் கேளாமலே மணந்து கொண்டான். அண்ணன் வெகுண்டான். இனி அரச மரபினர் எவரும் மன்னனின் ஒப்புதலின்றி மணம் புரிந்தால் அம்மணம் செல்லாது என்று சட்டம் வந்தது. இருபத்தைந்து வயதைத் தாண்டியவர் மட்டும் பிரிவி கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டு ஓராண்டு காத்திருக்கலாம். அதற்குள் பார்லிமெண்டின் இரு மன்றங்களும் எதிர்ப்புச் சொல்லாதிருந்தால் மாலை மாற்றிக் கொள்ளலாம். காதலனுக்கும் காதலிக்கும் இடையே ஒரு நாட்டின் பார்லிமெண்டு முழுவதும் வந்து உட்கார்ந்து கொண்டது!

அதே ஆண்டு, ஜூன் 25ஆம் நாள். காரைக்குடியிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடக்கூடிய காளையார்கோவிலிலே, ஆர்க்காட்டு நவாபுக்காகப் படை நடத்தி வந்த கும்பினியாரின் குண்டுக்குச் சிவகங்கைச் சீமையின் மன்னர் முத்துவடுகநாதத் தேவர் இரையானார். அவருக்கு மகன் இல்லை. வெள்ளச்சி என்ற மகள் இருந்தாள். மனைவி வேலு நாச்சியார் அந்த மகளை அழைத்துக்கொண்டு திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிக்குச் சென்றார்.

இலண்டனிலே சட்டம், காளையார்கோவிலிலே குண்டு. இரண்டுக்கும் தொடர்பு ஏது என்று கேட்பீர்கள். அன்று இல்லை. ஆனால் தொண்ணூற்றோராண்டு கழித்து, சிவகங்கையின் மகள் ஒருத்திக்கு உரிமை உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னது அதே பிரிவி கவுன்சில். அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை. நம் ஊர்ப் பள்ளிகளிலே ஆங்கில அரசர் வரிசையை ஒப்பிக்கும் மாணவரைக் கண்டிருக்கிறேன். சிவகங்கை வழக்கைக் கேள்விப்பட்ட மாணவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை. சட்டக் கல்லூரிகளில் மட்டும் அது இன்றும் பாடம்!

முதலில் ஐரோப்பாவைப் பார்த்துவிடுவோம். அரச பரம்பரை என்ற பொம்மையின் உள்ளே என்ன வைக்கோல் அடைத்திருக்கிறது என்பது அங்கே நன்றாகத் தெரியும்.

மேற்சொன்ன சட்டம் முதலிலே கடித்தது, அதை இயற்றச் செய்த மன்னனின் மூத்த மகனைத்தான். அவன் 1785இல் மரியா பிட்செர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை மறைவாக மணந்தான். பாதிரியார் இருந்தார், உறுதிமொழி இருந்தது, அன்பும் இருந்தது. மன்னனின் ஒப்புதல் இல்லை. ஆகவே அது திருமணமே அல்லவாம்! பத்தாண்டு கழிந்தது. இளவரசனின் கடன் கழுத்தை நெரித்தது. கடனைத் தீர்க்க வழி செய்யப்படும் என்ற ஏற்பாட்டின்மேல், 1795இல், முன்பின் பார்த்திராத புருன்சுவிக் நாட்டுக் கரோலினை மணந்தான். ஒருவரையொருவர் வெறுத்தனர். ஆயினும் அதுதான் திருமணம்! விருப்பத்தோடு செய்த மணம் செல்லாக் காசு; கடனுக்காகச் செய்த மணம் செல்லும் காசு.

அந்த மணத்திலே பிறந்த ஒரே மகள் சார்லட் 1817இல் பிள்ளைப்பேற்றின்போது இறந்தாள். அப்போதுதான் அரண்மனை விழித்துப் பார்த்தது. மூன்றாம் ஜார்ஜ் பதினைந்து பிள்ளைகளைப் பெற்றவன். சட்டம் ஏற்கத்தக்க பேரக்குழந்தை ஒன்றுகூட அவனுக்கு இல்லை! பேரக்குழந்தைகளே இல்லையா என்றால், இருந்தனர். கிளாரன்சு கோமகன் ஜோர்டான் என்ற நடிகையோடு இருபதாண்டுகள் வாழ்ந்து பத்துக் குழந்தைகளுக்குத் தந்தையானவன். அந்தப் பத்தும் கணக்கிலே சேரவில்லை. ஐம்பதைத் தாண்டிய கோமகன்கள் வாரிசுப் பந்தயத்திலே இறங்கினர். 1818 ஜூலையிலே, ஒரே நாளில், ஒரே இடத்தில், கிளாரன்சும் கெண்டும் ஜெர்மானிய இளவரசிகளைக் கைப்பற்றினர். மறு ஆண்டு மே மாதத்தில் கெண்டுக் கோமகனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதுதான் விக்டோரியா. 1837இல் அவள் அரியணை ஏறியபோது, அவள் முன்னோர் ஆண்ட ஆனோவர் நாடு அவளை ஏற்கவில்லை. பெண்ணுக்கு அங்கே பட்டம் இல்லை. சிற்றப்பன் எர்னஸ்டு போய் அமர்ந்துகொண்டான். ஒரே குருதி, ஒரே பெண். கடலுக்கு இந்தப் பக்கம் அரசி, அந்தப் பக்கம் அரசியல்லள்.

ஆஸ்திரிய நாட்டின் பட்டத்து இளவரசன் பிரான்சு பெர்டினாண்டின் கதை இன்னும் கொடிது. சோபி சோடெக் பிரபு குலத்துப் பெண்தான். ஆனால் அரச குலத்தவள் அல்லள். 1900ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், இவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பட்டத்திலே உரிமை இல்லை என்று ஆணையிட்டுக் கொடுத்த பின்னரே அவளை மணக்க விட்டார்கள். இப்படிப்பட்ட மணத்திற்கு ஐரோப்பியர் இட்ட பெயர் இடக்கை மணம். மணமகன் வலக்கைக்குப் பதிலாக இடக்கையை நீட்டுவானாம். சரியாகப் பதினான்கு ஆண்டு கழித்து, அதே ஜூன் 28ஆம் நாள், சாரயேவோ நகர்த் தெருவிலே இருவரும் ஒன்றாகச் சுடப்பட்டு மாண்டனர். உலகப் போர் மூண்டது.

இத்தகைய இடக்கை, வலக்கை வேறுபாடு ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். மறவர் சீமையிலேயே இருந்தது.

1710இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி இறந்தார். அவரோடு நாற்பத்தேழு மனைவியர் தீயிலே மாண்டனர் என்று அந்நாளைய பாதிரிமார் கடிதங்கள் கூறுகின்றன. நாற்பத்தேழு! எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது. அவருடைய மகன் பவானி சங்கரத் தேவர், பட்டத்தரசியின் வயிற்றிலே பிறந்தவரல்லர் என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டார். விஜய ரகுநாத சேதுபதி பட்டமேறினார். அவர் தம் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை நாலுகோட்டைப் பாளையத்துச் சசிவர்ணத் தேவருக்குக் கொடுத்தார். அந்த ஒரு திருமணத்திலிருந்துதான் சிவகங்கைச் சீமையே முளைத்தது. ஒதுக்கப்பட்ட பவானி சங்கரர் பின்னாளில் வாளெடுத்து அரியணையைப் பறித்தார். சசிவர்ணரும் கட்டையத் தேவரும் தஞ்சை மன்னரின் படையோடு வந்து அவரை வென்றனர். 1730ஐ ஒட்டி, சேதுபதியின் நாடு ஐந்து கூறாக்கப்பட்டது. மூன்று கூறு இராமநாதபுரம். இரண்டு கூறு சிவகங்கை. பாகப் பத்திரம் எழுதியது வாள்!

சசிவர்ணரின் மகன்தான் காளையார்கோவிலிலே வீழ்ந்த முத்துவடுகநாதர். வேலு நாச்சியாரும் ஒரு சேதுபதியின் மகளே. ஐதர் அலியின் துணையோடும் மருது சகோதரர்களின் தோள்வலியோடும் அவர் 1780இல் சீமையை மீட்டதை நாடறியும், மேடைதோறும் பேசுகிறோம். மேடையிலே பேசப்படாத ஒன்றும் உண்டு. நாட்டை மீட்ட அந்த வீரத்தாயின் ஒரே மகள் வெள்ளச்சிக்கு நேரே பட்டம் கட்டவில்லை. அவளுக்கு மாலையிட்ட வேங்கன் பெரிய உடையத் தேவர்தான் மன்னரானார். மகள் வழியாகப் பட்டம் போயிற்று, மகளிடம் நிற்கவில்லை. வெள்ளச்சி மகப்பேறு வாய்க்காமலே மறைந்தாள்.

1801 வந்தது. கும்பினியாரை எதிர்த்து எழுந்த மருது சகோதரர்களை அழிக்க, வெள்ளையர் படையோடு ஓர் ஏட்டையும் எடுத்து வந்தனர். சிவகங்கைக்கு உண்மையான உரிமையாளர் யார் என்று தேடினராம்! படமாத்தூர் கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவரே உரியவர் என்று அறிவித்தனர். சசிவர்ணர் மரபுக்கு உறவினர்தாம். அதை மறுப்பார் இல்லை. ஆனால் கும்பினியார் உறவு முறை பார்த்தா கொடுத்தனர்? மருதுவின் பின்னே திரண்டிருந்த மக்களைப் பிரிக்க ஒரு மன்னர் தேவைப்பட்டார், கிடைத்தார். அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரிலே மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். வேங்கன் பெரிய உடையத் தேவர் கடல் கடந்து பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டார். கௌரி வல்லபர் சிவகங்கையின் சமீன்தாரானார். மன்னர் என்ற சொல் மறைந்து, இஸ்திமிரார் சமீன்தார், அதாவது நிலையான தீர்வை கட்டும் நிலவுடைமையாளர், என்ற சொல் வந்தது. இதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கௌரி வல்லபருக்கு மனைவியர் எழுவர். ஏழு முறை மணந்தும் ஆண் வாரிசு இல்லை; பெண்மக்கள் இருந்தனர். 1829 ஜூலை 19ஆம் நாள் அவர் இறந்தபோது மூன்று மனைவியர் உயிரோடிருந்தனர். அவருடைய தமையன் ஒய்யாத் தேவர் முன்னமே இறந்திருந்தார். அவருக்கு மூன்று ஆண்மக்கள். அவர்களுள் மூத்தவர் சமீனைக் கைக்கொண்டார். அவருக்குப் பின் அவர் மக்கள். மனைவியரும் மகளிரும் அரண்மனையிலே சோற்றுக்கும் சீலைக்கும் உரியவர். ஆளும் உரிமைக்கு உரியவரல்லர். அண்ணன் பிள்ளைகள் இருக்கப் பெண்ணுக்கு என்ன வேலை என்பது அன்றைய ஊர் நியாயம்.

அன்றைய ஊர் நியாயம் என்று எழுதிவிட்டேன். இன்றும் பல ஊர்களில் அதுவே நியாயம். அதற்குப் பின்னே வருகிறேன்.

அந்தப் பெண்கள் வாளாவிருக்கவில்லை. வழக்குத் தொடுத்தனர். ஒரு மனைவி, ஒரு மகள், மற்றொரு மனைவி என்று வழக்கின்மேல் வழக்கு. மனைவியருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியாரின் வழக்கு 1847இல் தள்ளப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே அவர் காலமானார். அந்த வழக்கைக் கையிலெடுத்தவர் கௌரி வல்லபரின் மகள்களில் ஒருவரான காத்தம நாச்சியார். சென்னைச் சதர் நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாக இல்லை. மலைத்துப்போய் உட்கார்ந்தாரா? இல்லை! கடல் கடந்து, விக்டோரியா அரசியின் பிரிவி கவுன்சில் வரை கொண்டு சென்றார். கொள்ளைப் பொருட்செலவு; கப்பலிலே மூட்டை மூட்டையாய் ஆவணங்கள்; அறியாத மொழி; காணாத நீதிபதிகள். பெரியப்பன்மார்க்கு முறையான வாரிசு எஞ்சாததால் அரசியாகிவிட்ட ஒருத்தியின் பெயரால் அமர்ந்த அவையிலே, அண்ணன்மார் இல்லாததால் அரசியாக வேண்டிய ஒருத்தியின் வழக்கு!

எதிர்த்தரப்பின் வாதம் எளியது. கௌரி வல்லபரும் ஒய்யாத் தேவரும் பாகம் பிரியாத குடும்பத்தினர். கூட்டுக் குடும்பத்திலே ஒருவன் ஆண் மகவின்றி இறந்தால் அவன் பங்கு மற்ற ஆண்களுக்கே போகும். மனைவிக்கும் மகளுக்கும் பிழைப்பூதியம் மட்டுமே. இதற்கு ஆதாரம் மிதாட்சரம். எட்டு, ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னே கல்யாணிச் சாளுக்கியர் அவையிலே விஞ்ஞானேசுவரர் வடமொழியிலே எழுதிய உரை, மறவர் சீமைப் பெண்ணின் கழுத்துக்குக் கயிறாக வந்தது. மறவருக்கு அந்த நூலை யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று கேட்பார் இல்லை. வெள்ளைக்கார நீதிபதி நம்மை நூலின்படி பார்த்தான். நூல் எழுதியவன் நம்மைப் பார்த்ததே இல்லை.

காத்தம நாச்சியாரின் கோட்டை வேறு. குடும்பம் பிரிந்ததா, பிரியாததா என்பதல்ல கேள்வி. இந்தச் சமீன் எப்படி வந்தது என்பதே கேள்வி. 1801இல் சசிவர்ணர் மரபு அற்றுப்போயிற்று. சீமை கும்பினியாரிடம் விழுந்தது. கும்பினியார் அதைத் தாமே விரும்பி, அண்ணனை விட்டுத் தம்பிக்குக் கொடுத்தனர். ஆகவே அது பாட்டன் சொத்தன்று. கௌரி வல்லபர் தாமே ஈட்டிய தனிச்சொத்து. தனிச்சொத்து மகனில்லாதபோது மனைவிக்கும், மனைவிக்குப் பின் மகளுக்கும் செல்லும். அண்ணன் பிள்ளைகளுக்கு இடமில்லை.

1863 நவம்பர் 30ஆம் நாள் பிரிவி கவுன்சில் இந்த வாதத்தையே ஏற்றது. குடும்பம் பிரியாததாக இருப்பினும், ஒருவன் தனியே ஈட்டிய சொத்து தனிச்சொத்தின் வழியிலேதான் இறங்கும் என்று தீர்ப்பளித்தது. முப்பத்துநான்கு ஆண்டுப் போராட்டம் முடிந்தது. காத்தம நாச்சியார் சிவகங்கையின் அரசியானார். 1877இல் மறையும் வரை ஆண்டார்.

இந்த வெற்றியை உற்றுப் பாருங்கள், தோழர்களே! எதை மெய்ப்பித்து அவர் வென்றார்? தம் தந்தைக்குப் பரம்பரை இல்லை என்பதை! தந்தை ஒரு புது மரபின் முதல் ஆள்; அவருக்கு முன்னே இருந்த சிவகங்கை வேறு, அவர் பெற்ற சிவகங்கை வேறு. முத்துவடுகநாதர் சிந்திய குருதி, வேலு நாச்சியார் மீட்ட மண், மருதுவின் தூக்குமரம் ஆகிய யாவும் 1801க்கு முன்னும் அந்த ஆண்டிலும் அற்றுப்போன கணக்கு. சமீன் கும்பினியாரின் கொடை. புலவர்கள் பாடிய மரபுப் பெருமையை அவையிலே கழற்றி வைத்தால்தான் மகளுக்கு மண் கிடைக்கும். பாட்டன் சொத்து என்று பெருமை பேசியிருந்தால் மகள் தெருவிலே நின்றிருப்பாள். பரம்பரை என்ற சொல்லே பெண்ணுக்கு எதிராகத் தீட்டிய வாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவர் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. கிடைத்த ஒரே வாயிலின் வழியே நுழைந்தார். அந்த வாயிலின் உயரம் எவ்வளவு என்பதைத்தான் காட்டுகிறேன்.

வாயில் வேறிடத்திலே எப்படி இருந்தது? நான்கே ஆண்டு முன்னர், 1859இல், அதே பிரிவி கவுன்சிலின் முன்னே தஞ்சாவூர் அரசி காமாட்சி பாயி சாகேபா நின்றார். அவர் கணவர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். மகள்கள் இருந்தனர். கும்பினியார் பட்டம் ஒழிந்தது என்று அறிவித்து, அரண்மனைக்குள்ளே இருந்த சொத்துக்கும் முத்திரை வைத்தனர். அரசி வழக்காடினார். இலண்டன் என்ன சொல்லிற்று? இது ஓர் அரசு மற்றோர் அரசின்மேல் கைவைத்த செயல். நீதிமன்றம் இதை விசாரிக்க இயலாது என்று கைவிரித்தது. தஞ்சை அரசர் என்ற பெயர் இருந்தது, ஆகவே வழக்கில்லை. சிவகங்கைச் சமீன்தார் என்ற பத்திரம் இருந்தது, ஆகவே வழக்குண்டு. முடி உள்ளவளின் கண்ணீருக்கு நீதியில்லை. பட்டா உள்ளவளின் கண்ணீருக்கு உண்டு!

இராமநாதபுரத்திலே மற்றொரு வகை. 1830இல் இராமசாமி சேதுபதி இறந்தார். இரண்டு சிறு பெண்களும் அடுத்தடுத்து இறந்தனர். அரசி பர்வதவர்த்தினி நாச்சியார் 1847இல் முத்துராமலிங்கத்தைச் சுவீகாரம் எடுத்தார். கணவன் உயிரோடிருந்தபோது ஒப்புதல் தராதிருக்க, கைம்பெண் எப்படிப் பிள்ளை எடுக்கலாம் என்று கலெக்டர் எதிர்த்தார். வாரிசு இல்லையென்றால் சமீன் சர்க்காருக்கல்லவா போகும்! 1868இல் பிரிவி கவுன்சில் அரசியின் பக்கம் தீர்ப்பளித்தது. திராவிட நாட்டு வழக்கப்படி, கணவனின் ஒப்புதல் இல்லாவிடினும், கணவனின் சுற்றத்தார் ஒப்பினால் கைம்பெண் சுவீகாரம் எடுக்கலாம். தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் நூலினும் வலியது என்றது. நூலைவிட வழக்கம் பெரிது என்ற சொல் நமக்கு இனிக்கிறது. ஆனால் அதன் உள்ளே ஒரு கசப்பு: செத்த கணவன் தலையாட்ட முடியாது, ஆகவே அவனுடைய பங்காளிகள் தலையாட்ட வேண்டும். அவள் தலைக்கு மதிப்பில்லை.

இப்போது காத்தம நாச்சியாருக்குப் பின் நடந்ததைச் சொல்லவேண்டும். அவர் மறைந்ததும் கௌரி வல்லபரின் பேரன்மாரிடையே மீண்டும் வழக்கு, மீண்டும் இலண்டன். 1881இல் துரைசிங்கத் தேவர் பக்கம் தீர்ப்பாயிற்று. யார் வென்றார் என்பது நமக்குப் பெரிதல்ல. என்ன சொல்லி வென்றார் என்பதே பெரிது. மகள் பெற்றது முழு உரிமை அன்று, வரம்புள்ள உரிமை. அவள் இறந்தால் அடுத்த வாரிசை அவளிடமிருந்து எண்ணக்கூடாது; அவள் தந்தையிடமிருந்தே எண்ணவேண்டும். பதின்மூன்று ஆண்டுகள் அரசியாக வீற்றிருந்த பெண்மணி, சட்டத்தின் கண்ணிலே, ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணுக்குச் சொத்துப் போகும்போது இடையிலே கிடந்த பாலம்! வெள்ளச்சியின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். நூறாண்டு கழிந்தும் பாலம் பாலமாகவே இருந்தது.

சமீன்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. ஆனால் இந்தச் செட்டிநாட்டிலே அரண்மனை என்றால் சமீன்தார் அரண்மனை மட்டுமா? கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பர்மாத் தேக்கினால் எழுந்த வீடுகளுக்குள்ளும் பட்டம் உண்டு, வாரிசு உண்டு. மகள் பிறந்த வீட்டிலே, மகன் இல்லையென்று பிள்ளை கூட்டும் வழக்கம் நகரத்தாரிடையே நெடுங்காலம் நிலவிற்று. மகளுக்குச் சீதனமும் சீரும் நிறையவே வரும். வெள்ளிப் பாத்திரம் வரும், வைரம் வரும். வீடு வராது.

இடக்கை மணமும் இங்கே இருந்தது. 1934இல் சுயமரியாதை முறையிலே நடந்த ஒரு திருமணம், நகரத்தார் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கிலே கேள்விக்குள்ளாயிற்று. சப்தபதி இல்லை, வைதீகச் சடங்கு இல்லை, வழக்கம் என்று ஏற்கப் போதிய பழமையும் இல்லை. ஆகவே அத்திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. மரியா பிட்செர்பர்ட்டுக்கு மன்னனின் ஒப்பம் இல்லாதது குறை. இங்கே மந்திரம் இல்லாதது குறை. அந்த முறையிலே மணந்து பிள்ளை பெற்ற ஆயிரமாயிரம் இணையர், ஒரே தீர்ப்பிலே கோமகன் கிளாரன்சின் பத்துப் பிள்ளைகள் நின்ற இடத்திலே நிறுத்தப்பட்டனர். பதினான்கு ஆண்டு கழித்து, 1967இல், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய திருத்தம், இனி நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களுக்கு மட்டுமன்றி முன்னே நடந்தவற்றுக்கும் சட்டத்தின் ஒப்பம் தந்தது. ஒரு மாலை, ஒரு மோதிரம் அல்லது ஒரு தாலி, கூடியிருப்போர் அறிய ஒரு சொல், போதும்.

சொத்துரிமை அவ்வளவு விரைந்து வரவில்லை. 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சிரித்தவர்கள் பலர். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், 1881இலே காத்தம நாச்சியாரின் உரிமைக்கு இட்ட வரம்பினை உடைத்தது. பெண் பெற்ற சொத்து அவளுக்கு முழுச் சொத்து என்றது. ஆனால் அதே சட்டம் மகளைப் பாட்டன் சொத்தின் கூட்டுரிமைக்கு வெளியேதான் நிறுத்தியது. சுதேச அரசர்கள் ஒப்பந்தப்படி ஒரே வாரிசுக்குப் போகும் சொத்துக்கு விலக்கும் தந்தது. மக்களுக்கு ஒரு நியாயம், மகுடத்துக்கு ஒரு நியாயம்! பாட்டன் சொத்திலே மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு என்று கலைஞர் ஆட்சியிலே தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல். மாநாட்டுத் தீர்மானத்திலிருந்து எண்ணினால் அறுபதாண்டு. அதுவும், முன்னமே மணமாகிவிட்ட மகளிரை விட்டுவிட்டது. 2005இல் இந்திய நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் அந்தக் குறையை நீக்கியது. அந்த நாளிலே தந்தை உயிரோடிருந்தால்தான் உரிமையா என்ற ஐயத்தையும் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வேண்டியதில்லை, பிறப்பே போதும் என்றது.

அரச குடும்பத்தைப் பற்றித் தொடங்கினோம். அங்கே என்ன ஆயிற்று? 1772இன் திருமணச் சட்டத்தை பிரிட்டன் 2013இல் இயற்றிய சட்டத்தால் நீக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 2015இல். இப்போது பட்டத்து வரிசையிலே முதல் ஆறு பேர் மட்டும் மன்னரின் ஒப்புதல் பெற்றால் போதும். அக்காளைத் தள்ளிவிட்டுத் தம்பி முந்தும் வழக்கமும் அந்தச் சட்டத்தோடு ஒழிந்தது. அதுவும் 2011 அக்டோபர் 28க்குப் பின் பிறந்தவர்க்கே. காரைக்குடிச் சந்தையிலே காய் விற்கும் தாயின் மகளுக்குப் பாட்டன் சொத்திலே சம பங்கு எழுதிவைத்த நாடு, பக்கிங்ஹாம் அரண்மனை தன் மகளுக்குச் சம இடம் எழுதிவைப்பதற்கு இருபத்துநான்கு ஆண்டு முந்திக்கொண்டது. இதை மேடையிலே சொல்லுங்கள், தவறில்லை.

ஆனால் மேடையை விட்டு இறங்கியபின் பத்திரப் பதிவு அலுவலகத்திற்கும் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே விடுதலைப் பத்திரம் என்று ஒன்று எழுதுவார்கள். தந்தை இறந்தபின், எனக்குரிய பங்கை அண்ணனுக்கு அல்லது தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன் என்று மகள் எழுதித் தரும் பத்திரம் அது. சிலர் பணம் பெற்றுக்கொண்டு எழுதித் தருவர். அது அவர்கள் கணக்கு. பலர் எதுவும் பெறாமலே எழுதுவர். கேட்டால் தாய் வீட்டுக்குப் போக வர வேண்டாமா என்பர். தீபாவளிக்கு அண்ணன் புடைவை எடுத்துத் தருகிறானே என்பர். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டாமா என்பர். படித்த பெண்களும் அந்த வரிசையிலே நிற்கின்றனர், ஆசிரியைகளும் நிற்கின்றனர். எழுத்தர் ஒரு விரலால் இடத்தைச் சுட்டுகிறார். அவள் குனிந்து கையெழுத்திடுகிறாள். இப்போதெல்லாம் பெருவிரல் ரேகையும் படமும் கருவியிலே பதிவாகின்றன.